மலையேற அடுப்பு வாங்குகிறீர்களா? முதலில் கேஸ் எங்கே கிடைக்கும் என்று பாருங்கள்

சட்டைப் பையில் போட்டால் இருப்பதே தெரியாத 25 கிராம் டைட்டானியம் அடுப்பு ஒன்றை வாங்கிக்கொண்டு, நானும் நண்பனும் சென்னையிலிருந்து மணாலி போய் இறங்கினோம். ஹம்தா கணவாய், நான்கு இரவுகள், சமையல்காரர் இல்லை, நாங்களே சமைத்துச் சாப்பிடுவதாகத் திட்டம். கேஸை மட்டும் அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தோம். கடைக்காரர் எடுத்து வைத்ததோ ஹேர் ஸ்ப்ரே மாதிரி நீளமான ஒரு டப்பா. எங்கள் அடுப்பில் மரை இருந்தது, டப்பாவின் தலையில் மரையே இல்லை. "யஹீ சல்தா ஹை" என்றார், இங்கே இதுதான் ஓடும் என்று. ஐந்தாவது கடையில், அந்த டப்பாவை எங்கள் அடுப்போடு இணைக்கும் ஒரு அடாப்டர் கிடைத்தது. சொன்ன விலையைக் கொடுத்து வாங்கினோம். மூன்றாம் நாள் விடியற்காலை, பாலு கா கேரா முகாமில், அந்த அடுப்பு கற்பூரக் கட்டி மாதிரி மினுக்கி மினுக்கி எரிந்து அணைந்தது. ஐஸ் தண்ணீரில் ஊறிய அவலைத் தின்றுவிட்டு 4,270 மீட்டர் கணவாயை ஏறினோம்.

இந்த இரண்டு சொதப்பலுக்கும் காரணம் ஒன்றுதான். அடுப்பின் எடையைப் பார்த்தேன், அதற்குள் எரியப்போகும் கேஸைப் பார்க்கவில்லை. நீங்கள் முதல் முறை வாங்குகிறீர்கள் என்றால் நான் செய்த வரிசையைத் தலைகீழாக மாற்றிச் செய்யுங்கள்.

1. அடுப்பு தேவையா என்று முதலில் பாருங்கள்

தமிழ்நாட்டுக் காடுகளில் நடப்பதற்கு என்றால் வாங்கவே வேண்டாம். 2018 மார்ச் குரங்கணித் தீக்குப் பிறகு காட்டுக்குள் நெருப்பு என்றாலே வனத்துறை விடாது, விடவும் கூடாது. 2024 அக்டோபரில் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தின் பாதைகளும் பெரும்பாலும் ஒரே நாளில் ஏறி இறங்குபவை. ஒரு புளியோதரைப் பொட்டலம் போதும்.

இமயமலைக்கு ஏதாவது நிறுவனத்தோடு குழுவாகப் போகிறீர்கள் என்றாலும் வேண்டாம். சமையல் கூடாரம், பெரிய சிலிண்டர், சமையல்காரர் எல்லாம் அவர்களே ஏற்பாடு செய்துவிடுவார்கள்.

இமாச்சல், உத்தராகண்ட், லடாக் பக்கம் இரண்டு மூன்று பேராகக் கூடாரம் சுமந்து போகிறவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. அனுமதிச் சீட்டு வாங்கும் இடத்திலேயே, அடுப்பு பற்றவைக்கலாமா, எந்த முகாமில் கூடாது என்று வனத்துறை ஆளிடம் கேட்டுவிடுங்கள். விறகுத் தீ கூடாது, கேஸ் அடுப்பு பரவாயில்லை என்பார்கள் சில இடங்களில். சில இடங்களில் இரண்டும் கூடாது. ஆதார் நகல் நான்கைந்து கையில் இருக்கட்டும். சோதனைச் சாவடியில் ஜெராக்ஸ் கடை இருக்காது.

2. போகும் ஊரில் எந்த கேஸ் கிடைக்கிறது?

நம் ஊர்ச் சந்தையில் சிறிய கேஸ் டப்பா முக்கியமாக இரண்டு வகை.

ஒன்று மரை டப்பா. குட்டையாக, அகலமாக, தோள்பட்டை உருண்டு இருக்கும். தலையில் மரை, நடுவில் வால்வு. ஈஎன் 417 என்ற ஐரோப்பியத் தர எண் பெரும்பாலும் டப்பாவிலேயே அச்சாகியிருக்கும். 100, 230, 450 கிராம் அளவுகளில் வரும், ஐந்து பத்து கிராம் முன்னே பின்னே இருக்கலாம். முதுகுப்பையில் போடும் சின்ன அடுப்புகள் அநேகமாக எல்லாமே இந்த மரைக்குத்தான் செய்யப்பட்டவை.

இன்னொன்று நாசில் டப்பா. கல்யாண மண்டபத்தில் நெய்ரோஸ்ட் கவுண்டர் போட்டிருக்கும் இடத்தில், மேசை அடுப்பின் பக்கவாட்டில் படுத்திருக்குமே, அதுதான். 220 கிராம் சுற்றி இருக்கும், விலை குறைவு, மளிகைக் கடையில்கூடக் கிடைக்கும். உள்ளே இருப்பது பெரும்பாலும் பியூட்டேன் மட்டும்.

பழைய வகை ஒன்றும் உண்டு. அடுப்பை அழுத்தினால் டப்பாவில் துளை விழும், கேஸ் தீரும்வரை கழற்ற முடியாது. அதைத் தொடாதீர்கள்.

இனிமேல்தான் விஷயம். டப்பாவுக்குள் கேஸ் திரவமாக இருக்கிறது. அது ஆவியானால்தான் பர்னருக்கு ஏதாவது வரும். பியூட்டேன் ஆவியாகும் வெப்பநிலை கடல்மட்டத்தில் மைனஸ் 0.5 டிகிரி. ஐசோபியூட்டேனுக்கு மைனஸ் 11.7. புரோப்பேனுக்கு மைனஸ் 42. மலையில் காற்றழுத்தம் குறைவதால் கொஞ்சம் சலுகை கிடைக்கும். ஆனால் கேஸ் ஆவியாக ஆவியாக டப்பா தன்னைத்தானே குளிரவைத்துக்கொள்ளும். எங்களுக்கு நடந்தது அதுதான். இரவு முழுக்கக் கூடாரத்துக்கு வெளியே கிடந்த டப்பா. பற்றவைத்ததும் இரண்டு நிமிடம் ஒழுங்காக எரிந்தது. அப்புறம் டப்பாவின் மேல் வெள்ளையாகப் பனி பூத்தது, சுடர் சுருங்கிப் போய்விட்டது. ஆட்டிப் பார்த்தால் உள்ளே முக்கால் டப்பா திரவம் தளும்புகிறது! ஜாக்கெட்டுக்குள் வைத்துக் கட்டிப்பிடித்துச் சூடேற்றி மறுபடி பற்றவைத்தால் இன்னொரு இரண்டு நிமிடம். இப்படி ஒரு டம்ளர் தண்ணீரை வெதுவெதுப்பாக்கவே அரை மணி நேரம் போனது.

அதனால் இரவில் உறைநிலை தொடும் இடத்துக்கு ஐசோபியூட்டேனும் புரோப்பேனும் கலந்த மரை டப்பாதான் சரி. கலவை என்ன என்று டப்பாவிலேயே எழுதியிருக்கும், படித்துப் பாருங்கள். மரை இருக்கிறது என்பதற்காக உள்ளே நல்ல கலவைதான் என்று நினைத்துவிட வேண்டாம்.

கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பே மணாலி, டேராடூன், லே, நீங்கள் எங்கே இறங்குகிறீர்களோ அந்த ஊரின் மலையேற்றச் சாமான் கடைகள் இரண்டுக்காவது போன் போடுங்கள். "கேஸ் இருக்கிறதா" என்று மட்டும் கேட்டால் எல்லாரும் இருக்கிறது என்பார்கள். டப்பாவின் தலையும் பின்பக்க எழுத்தும் தெரியும்படி வாட்ஸ்அப்பில் படம் கேளுங்கள். நீங்கள் போகும் தேதிக்கு இரண்டு டப்பா எடுத்துவைக்கச் சொல்லி முன்பணம் அனுப்பிவிடுங்கள். சீசன் நடுவில் மரை டப்பா தீர்ந்துபோகும், நாசில் டப்பா மட்டும் மலைபோல் குவிந்திருக்கும்.

3. ரயிலா, விமானமா? இரண்டிலும் கேஸ் கூடாது

"சென்னையிலேயே நல்ல கேஸ் வாங்கிக்கொண்டு போய்விடலாமே?" என்று நண்பன் கேட்டான். முடியாது.

ரயிலில் கேஸ் டப்பா, மண்ணெண்ணெய், பெட்ரோல் எதுவும் கொண்டுபோகக் கூடாது. திறக்காத புது டப்பாவானாலும் அதே கதைதான். ரயில்வே சட்டம் 1989, பிரிவு 164 இதற்கு மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. அபராதத் தொகையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை மதுரையில் சுற்றுலா ரயில் பெட்டி எரிந்து ஒன்பது பேர் இறந்ததற்குக் காரணம், விதிமீறி உள்ளே கொண்டுவந்த சிலிண்டர்தான்.

விமானத்தில் கேஸ் டப்பா கைப்பையிலும் கூடாது, செக்-இன் பையிலும் கூடாது. காலி டப்பா என்று வாதாடினாலும் நடக்காது. லைட்டர், தீப்பெட்டியும் அப்படியே, இரண்டு பையிலும் கூடாது. அவற்றை இறங்கிய ஊரில் வாங்குங்கள்.

அடுப்பின் தலை மட்டும், அதாவது பர்னர் மட்டும் போகலாம். என் அனுபவத்தில் செய்ய வேண்டியவை: செக்-இன் பையில் போடுங்கள், கேஸ் வாடை துளியும் இல்லாமல் துடைத்துக் காற்றாட வையுங்கள், பாத்திரத்துக்குள் வைத்து மேலாக, எளிதில் எடுக்கும்படி வையுங்கள். வாங்கிய பில், படத்தோடு கூடிய விளக்கச் சீட்டு இரண்டையும் அதோடு சேர்த்து வையுங்கள். ஒருமுறை ஸ்கேனரில் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். பையைத் திறந்து, "இது என்ன?" என்று கேட்டவரிடம் விளக்கச் சீட்டைக் காட்டியதும் விட்டுவிட்டார். கைப்பையில் வைத்திருந்தால் அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும் என்று பின்னால் நின்றவர் சொன்னார், தன் அனுபவமாம்.

பெட்ரோல், மண்ணெண்ணெய் ஊற்றும் அடுப்பு ஏற்கெனவே பயன்படுத்தியது என்றால் சிக்கல் அதிகம். விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். எரிபொருளை முழுக்க வடித்து, குப்பியை மூடி திறந்தபடி ஆறு மணி நேரமாவது உலரவிட்டிருக்க வேண்டும். அனுமதியை மின்னஞ்சலில் எழுத்தாக வாங்கிப் பிரின்ட் எடுத்துக்கொள்ளுங்கள். கவுண்டரில் இருப்பவருக்குப் போனில் பேசியது தெரியாது.

4. இப்போது அடுப்பைத் தேர்ந்தெடுங்கள்

டப்பாவின் தலையில் நேராகத் திருகும் பர்னர்தான் புதிதாக வருபவர்களுக்கு ஏற்றது. 25 கிராமிலிருந்து 100 கிராம் வரை எடை. எம்எஸ்ஆர் பாக்கெட்ராக்கெட் 2 என்ற மாடல் 73 கிராம். இது மாதிரி 70, 80 கிராமில் ஒன்றைப் பாருங்கள். 25 கிராமுக்கு இறங்க வேண்டாம். பாத்திரம் உட்காரும் கால்கள் மெலிதாக, குட்டையாக இருக்கும். ஒன்றரை லிட்டர் தண்ணீரோடு பாத்திரம் ஆடும்போது வயிறு கலங்கும். மிச்சம் பிடிக்கும் 50 கிராம் என்பது ஒரு பிஸ்கெட் பாக்கெட்.

வாங்கும்போது மூன்றைக் கவனியுங்கள். கால்களை விரித்து, உங்கள் பாத்திரத்தை வைத்து அசைத்துப் பாருங்கள். பர்னரின் வாய் உள்ளே குழிந்து, சுற்றிலும் விளிம்பு இருந்தால் காற்றில் தாக்குப்பிடிக்கும். மட்டமாக இருந்தால் லேசான காற்றுக்கே தீ படுத்துவிடும். கடைசியாக, மரைக்குள் கறுப்பாக ஒரு ரப்பர் வாஷர் இருக்கிறதா என்று பாருங்கள். உதிரி வாஷர் ஒன்று கூடவே வாங்கிவையுங்கள். அது காய்ந்து விரிசல் விட்டால் கேஸ் கசியும்.

பாத்திரமும் அடுப்பும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும் வகை இன்னொன்று. ஜெட்பாயில் ஃப்ளாஷ் இந்த ரகம், பாத்திரத்தோடு சேர்த்து 371 கிராம். தண்ணீர் படு வேகமாகக் கொதிக்கும், கேஸும் மிச்சமாகும். தனி பர்னரும் தனிப் பாத்திரமும் சேர்ந்தாலே 250 கிராம் வந்துவிடும் என்பதால் எடை பெரிய இழப்பில்லை. ஆனால் குறுகலாக, உயரமாக இருக்கும் பாத்திரம். அதில் உப்புமா கிளறிப் பாருங்கள், அடி கறுகிய வாடை ஊர் வரும்வரை போகாது. வெந்நீர் ஊற்றிச் சாப்பிடும் உணவு மட்டும்தான் என்றால் வாங்கலாம்.

ட்யூப் வைத்து டப்பாவைத் தள்ளி வைக்கும் அடுப்பு 150, 200 கிராம் வரும். தாழ்வாக, நான்கு பேர் பாத்திரத்தையும் தாங்கும். சுடருக்குள் ஓடும் உலோகக் குழாய் உள்ள மாடலாக இருந்தால் டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்து, திரவமாகவே கேஸை இழுக்கலாம். அப்போது குளிர் அவ்வளவாகப் படுத்தாது. பனிக்காலத்தில் போகிறவர்கள் இதை வாங்குங்கள். அந்தக் குழாய் இல்லாத மாடலைக் கவிழ்த்தால் தீ ஆளுயரத்துக்கு எழும், ஜாக்கிரதை.

பெட்ரோல், மண்ணெண்ணெய் அடுப்பு என்பது நம் பாட்டி வீட்டு பம்ப் ஸ்டவ்தான், மடக்கி வைத்த வடிவத்தில். பம்ப் அடிப்பது, முன்சூடு, பின் போட்டு அடைப்பெடுப்பது எல்லாம் உண்டு. நீண்ட லடாக் பயணங்களுக்கு அருமை. முதல் பயணத்துக்கு வேண்டாம்.

ஸ்பிரிட் அடுப்பைப் பற்றி வெளிநாட்டவர்கள் புகழ்ந்து எழுதுவதைப் படித்திருப்பீர்கள். இங்கே நல்ல ஸ்பிரிட் சுலபமாகக் கிடைக்காது, பகல் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்குத் தெரியாது, மெத்தனால் என்ன செய்யும் என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. விட்டுவிடுங்கள்.

அடாப்டர்? மூன்று கால் முளைத்த சின்ன உருப்படி, நாசில் டப்பாவை மரை அடுப்புக்குப் பொருத்தும். அவசரத்துக்குப் பையில் ஒன்று இருப்பது நல்லதுதான். டப்பாவைப் படுக்கவைக்கும்போது, வாய் விளிம்பில் இருக்கும் சின்ன வெட்டு மேலே பார்க்க வேண்டும். அப்போதுதான் உள்குழாய் திரவத்துக்கு மேலே நின்று ஆவியை மட்டும் இழுக்கும். இதைத் தெரியாமல் கவிழ்த்து வைத்து புருவத்தைப் பொசுக்கிக்கொண்ட ஆள் நான். வீட்டு எல்பிஜியிலிருந்து மரை டப்பாவுக்குள் கேஸ் நிரப்பும் கருவியும் விற்கிறார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள். அந்த மெல்லிய தகரம் அந்த அழுத்தத்துக்குச் செய்ததில்லை.

5. எவ்வளவு கேஸ் வேண்டும்?

சமவெளியில் காற்றில்லாத இடத்தில் ஒரு லிட்டர் கொதிக்க 12 கிராம் போதும். மலையில் தண்ணீரே ஐஸ் மாதிரி வரும், காற்றும் அடிக்கும். லிட்டருக்கு 16 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பேருக்கு எங்கள் கணக்கு: காலை டீயும் உணவும் சேர்த்து ஒரு லிட்டர் சொச்சம், மாலை சூப் அரை லிட்டர், இரவு உணவு ஒரு லிட்டர், பிளாஸ்கில் வெந்நீர் கொஞ்சம். மொத்தம் நாளுக்கு 3 லிட்டர், 48 கிராம். நான்கு நாளுக்கு 192. கால் பங்கு உபரி சேர்த்தால் 240. ஒரு 230 கிராம் டப்பா நூலிழையில் போதாது. அதோடு ஒரு 100 கிராம் டப்பா. நிறைந்த 230 கிராம் டப்பா தகரத்தோடு சேர்த்து ஏறக்குறைய 380 கிராம் இருக்கும், சின்னது 200. எடைக்கணக்கில் இதையும் சேருங்கள்.

பனியை உருக்கித்தான் தண்ணீர் என்றால் இதை இரண்டு மடங்காக்குங்கள். ஒரு கிலோ பனியை வெறும் தண்ணீராக்கச் செலவாகும் சூடு, அந்தத் தண்ணீரை 80 டிகிரி வரை கொண்டுபோகும் சூட்டுக்குச் சமம்.

என்ன சமைக்கிறீர்கள் என்பதும் கேஸ் கணக்குதான். 3,600 மீட்டரில் தண்ணீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். அரிசி வேக வெகுநேரம் ஆகும், துவரம்பருப்பை நினைக்கவே வேண்டாம். குக்கர் சுமந்தால் ஒரு கிலோவுக்கு மேல். வறுத்த ரவையில் தாளிப்பு, உப்பு எல்லாம் போட்ட உப்புமா மிக்ஸ், வறுத்த சேமியா, அவல், பருப்புப் பொடி, சின்ன டப்பாவில் புளிக்காய்ச்சல். கொதித்ததும் அணைத்துவிட்டு, பாத்திரத்தைத் துண்டில் சுற்றிப் பத்து நிமிடம் வைத்தால் ரவை தானே வெந்துவிடும்.

6. வீட்டில் ஒத்திகை பாருங்கள், ஐஸோடு

மொட்டை மாடியில் பற்றவைத்துப் பார்த்துவிட்டு "சூப்பரா எரியுது" என்று நானும் சந்தோஷப்பட்டேன். சென்னையின் 32 டிகிரியில் எந்த கேஸும் சூப்பராகத்தான் எரியும்.

ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி, ஒரு அகலப் பாத்திரத்தில் தண்ணீரோடு கலந்து, டப்பாவைத் தோள் வரை அதில் ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். ஊறியபடியே அடுப்பைத் திருகி, ஒரு லிட்டர் கொதிக்க எவ்வளவு நேரம் என்று பாருங்கள். வெறும் பியூட்டேன் டப்பா இங்கேயே பல்லைக் காட்டிவிடும். முன்னும் பின்னும் சமையலறைத் தராசில் டப்பாவை நிறுத்தால் எத்தனை கிராம் போனது என்பதும் தெரியும். இந்த ஒத்திகைக்கென ஒரு டப்பா உள்ளூரிலேயே வாங்கினால் போதும்.

மரையைத் திருகியதும் சோப்பு நுரை தடவிப் பாருங்கள், வீட்டு சிலிண்டருக்குச் செய்வது போலத்தான். குமிழி வந்தால் வாஷரை மாற்றுங்கள்.

7. மலையில்

இரவு டப்பாவைத் தூக்கப் பைக்குள், கால்மாட்டில் போட்டுக்கொள்ளுங்கள். காலையில் அது மட்டுமே முகாமில் சூடாக எழுந்திருக்கும்.

மூடிய கூடாரத்துக்குள் பற்றவைக்காதீர்கள். தீ ஒரு பயம், கார்பன் மோனாக்சைடு அதைவிடப் பெரிய பயம். அதற்கு வாடை கிடையாது, தூக்கம் வருவது போல இருக்கும். மழை என்றால் கூடாரத்தின் முன்திண்ணையில், இரண்டு பக்கமும் ஜிப்பைத் திறந்துவைத்துச் சமையுங்கள்.

காற்றுக்குத் தடுப்பு வைக்கும்போது, தலையில் திருகும் அடுப்பைச் சுற்றி முழு வட்டமாக மறைக்காதீர்கள். சூடு டப்பாவுக்குத் திரும்பும், வெடிக்கும். ஒரு பக்கம் மட்டும், பாறையோ பையோ வைத்து மறைத்தால் போதும். டப்பாவை அடிக்கடி தொட்டுப் பாருங்கள், கை சுட்டால் உடனே அணைத்துவிடுங்கள்.

அடுப்பிலேயே இருக்கும் கிளிக் பட்டன் உயரத்தில் பாதி நேரம் வேலை செய்யாது. தீப்பெட்டியை இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

8. செலவும் நாட்களும்

எனக்கு ஆனது இது, கடைக்குக் கடை மாறும். திருகும் பர்னர் 1,500 முதல் 2,500 ரூபாய்க்குள் நல்லதே கிடைத்தது, வெளிநாட்டுப் பெயர் பெற்றவை இரண்டு மூன்று மடங்கு. மரை டப்பா 230 கிராம் 500, 600 ரூபாய். சீசனில் மலையடிவாரத்தில் இன்னும் நூறு ஏறும். நாசில் டப்பா 200 சுற்றி. அடாப்டருக்கு மணாலியில் 900 கொடுத்தேன், ஊரில் 400க்குப் பார்த்திருக்கிறேன். ஒரு லிட்டர் அலுமினியப் பாத்திரம் பாத்திரக்கடையில் 250. கைப்பிடியைக் கழற்றிவிட்டு இடுக்கி ஒன்று எடுத்துக்கொண்டால் கேம்பிங் பாத்திரம் என்று தனியாக வாங்க வேண்டியதில்லை.

மலையேற்றக் கடைகள் சிலவற்றில் அடுப்பை நாள் வாடகைக்கும் தருகிறார்கள். இனி போவீர்களா என்று தெரியாதபோது அதுவே லாபம். வாஷரைப் பார்த்துவிட்டு, கடை வாசலிலேயே எரித்துக் காட்டச் சொல்லி எடுங்கள்.

ஒரு மாதம் முன்பே அடுப்பை ஆர்டர் செய்யுங்கள், மாற்றிக்கொள்ள அவகாசம் வேண்டும். மூன்று வாரம் முன்பு கடைக்குப் போன். இரண்டு வாரம் முன்பு ஐஸ் ஒத்திகை. இறங்கிய ஊரில் ஒரு முழுப் பகல் சாமான் வாங்க ஒதுக்குங்கள். விடியற்காலை பஸ்ஸில் இறங்கி ஒன்பது மணிக்கு ஜீப் ஏறுவதாகத் திட்டம் போட்டால் கடையே திறந்திருக்காது.

திரும்பும்போது மீதி கேஸையும் ரயிலில் ஏற்ற முடியாது. காலி டப்பாவை மலையில் புதைக்காமல் கீழே கொண்டுவந்து கடையில் கொடுங்கள். பாதி இருந்தால், மேலே ஏறப்போகும் யாருக்காவது கொடுங்கள். கொடுப்பதற்கு முன் கடைத் தராசில் நிறுத்து, மீதி எத்தனை கிராம் என்று டப்பாவின் அடியில் மார்க்கரால் எழுதிவிடுங்கள்.